பார்சலில் அடங்காத மாஸ்: பாக்கின் கடைசிக் குரலிசையும் மிட்ஸ்லரின் சங்கமும்

1754இல் லைப்ஸிக்கில் வெளியான ‘இசை நூலகம்’ என்ற இதழின் நான்காம் தொகுதியில், மிட்ஸ்லர் என்பவர் நடத்திய இசை அறிவியல் சங்கத்தின் காலமான மூன்று உறுப்பினர்களுக்கு நினைவுக் கட்டுரைகள் வந்தன. அன்ஸ்பாக் அரண்மனையின் பியூம்லர், கோத்தா அரண்மனையின் ஷ்டோல்ட்ஸெல், லைப்ஸிக்கின் யோஹான் செபாஸ்டியன் பாக். மூன்றாவதை எழுதியவர்கள் பாக்கின் மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேலும் மாணவர் அக்ரிகோலாவும். இன்றுவரை பாக்கைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் முதலில் எடுத்து வைப்பது அந்தக் கட்டுரையைத்தான்.

அதில் அச்சேறாத படைப்புகளின் பட்டியல் ஒன்று உண்டு. ஐந்து ஆண்டுகளுக்கான தேவாலயக் கன்டாட்டாக்கள் (குரலும் வாத்தியமும் சேர்ந்த பாட்டுத்தொடர்கள்). அடுத்த வரியில் “பல ஆரட்டோரியோக்கள், மாஸ்கள், மாக்னிஃபிகாட், தனி சாங்க்டுஸ்கள்” என்று ஒரு கொத்து. பிறகு ஐந்து பாஷன்கள், அதாவது கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் இசைகள். மாஸ் என்பது தேவாலய வழிபாட்டின் லத்தீன் சொற்களுக்கான இசை; பி மைனர் மாஸ் என்று இன்று நாம் அழைக்கும் பெரும்படைப்பு அந்த நடுவரியில் ஒரு பன்மை விகுதிக்குள் மறைந்து கிடக்கிறது. சங்கத்தின் இதழ், சங்க உறுப்பினருக்கான அஞ்சலி, எழுதியவர் சொந்த மகன். ஆனாலும் அந்த மாஸுக்குத் தனியாக ஒரு சொல் இல்லை.

பாக்கின் கடைசிப் பத்தாண்டைப் பற்றிப் புழங்கும் கதை வேறு மாதிரி இருக்கும். அறிஞர் சங்கத்தில் சேர்ந்தார், ஆண்டுக்கொரு அறிவார்ந்த படைப்பு தரவேண்டும் என்ற விதியால் உந்தப்பட்டார், கேனனும் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்வது) ஃபியூக்குமாக (ஒரு கருவைக் குரல்கள் மாறிமாறி எடுத்துப் பின்னுவது) குவித்தார், மாஸும் அந்த மனநிலையின் விளைவு என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. பாதிக்கு மேல் தேறாது.

சங்கம் எப்படி இயங்கியது என்று பார்த்தாலே காரணம் விளங்கும். லோரென்ஸ் கிறிஸ்டோஃப் மிட்ஸ்லர் 1738இல் லூக்கேசினி பிரபுவோடும் பியூம்லரோடும் சேர்ந்து அதைத் தொடங்கினார். பெயரிலேயே ‘கடிதத் தொடர்புச் சங்கம்’ என்று இருக்கும். கூட்டம், கச்சேரி, மண்டபம் என்று எதுவும் இல்லை, பார்சல் மட்டுமே. கட்டுரைகளும் கணக்குகளும் கேள்விகளும் ஒரு கட்டாக உறுப்பினரிடமிருந்து உறுப்பினருக்குத் தபாலில் சுற்றும். பதில்கள் வரும், தேர்ந்தவை இதழில் அச்சாகும். உறுப்பினர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு 20. நோக்கம், இசையைக் கணிதமும் தத்துவமும் சார்ந்த அறிவியலாக நிறுவுவது. பாக்கின் மாணவரான மிட்ஸ்லர், இலக்கிய அறிஞர் கோட்ஷெடிடமும் படித்தவர். கிறிஸ்டியன் வோல்ஃபின் தத்துவத்தில் ஊறியவர். ஃபுக்ஸ் எழுதிய லத்தீன் கவுண்டர்பாயின்ட் (பல மெட்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் கலை) பாடநூலை 1742இல் ஜெர்மனில் கொண்டுவந்தவரும் அவரே. 1743இல் அவர் போலந்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார். ஆக, பாக் சேர்ந்தபோது சங்கத்தின் செயலாளர் லைப்ஸிக்கிலேயே இல்லை.

டெலமானும் ஷ்டோல்ட்ஸெலும் 1739இலேயே சேர்ந்தவர்கள். ஹேன்டல் 1745இல் கௌரவ உறுப்பினர். பாக் 1747 ஜூனில் பதினான்காவதாகச் சேர்ந்தார். எழுத்துகளுக்கு அகரவரிசை எண் கொடுத்துக் கூட்டினால் பி 2, ஏ 1, சி 3, ஹெச் 8, மொத்தம் 14. இதற்காகவே அவர் காத்திருந்து பதினான்காமிடத்தைப் பிடித்தார் என்று சொல்பவர்கள் உண்டு. பாக்கின் ஓவியத்தில் அதே 14ஐத் தேடிச் சட்டைப் பொத்தானை எண்ணுகிறவர்களும் உண்டு. எண்ணட்டும். அவர் காத்திருந்தார் என்பதற்கு ஒரு வரி ஆவணம் கிடையாது.

விதிகளில் இரண்டு நமக்கு முக்கியம். ஒன்று, உறுப்பினர் தன் உருவத்தைத் துணியில் நன்றாக வரையச் செய்து சங்கத்துக்குத் தரவேண்டும். எலியாஸ் கோட்லோப் ஹவுஸ்மான் 1746இல் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தை இதனோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். இரண்டாவது, 65 வயதுவரை ஆண்டுதோறும் ஒரு பங்களிப்பு. பாக்குக்கு 65 நிறைந்தது 1750 மார்ச்சில்; அதே ஆண்டு ஜூலை 28இல் இறந்தார். ஆகவே கடமை 1747, 48, 49 என்று மூன்று தவணை. முதலாவது ‘ஃபோம் ஹிம்மல் ஹோக்’ என்ற கிறிஸ்துமஸ் பாடல்மேல் எழுதிய கேனன் வேரியேஷன்கள். மற்ற இரண்டுக்கு ‘இசைக் காணிக்கை’யையும் ‘ஃபியூக் கலை’யையும் பொருத்துவது 20ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்களின் ஊகம். நினைவுக் கட்டுரையோடு மிட்ஸ்லர் சேர்த்த குறிப்பு, அந்த வேரியேஷன்களையும் ஒரு ஆறுகுரல் கேனனையும் மட்டுமே சொல்கிறது. மூன்றே ஆண்டுகள் இருந்ததால் அதற்குமேல் செய்ய முடியவில்லை என்கிறது. செயலாளரே கணக்கை மூடிவிட்ட பிறகு நாம் ஏன் வரவு எழுத வேண்டும்?

அந்த ஆறுகுரல் கேனன் ஓவியத்தில் பாக்கின் கையில் இருக்கும் தாள்தான். மூன்று வரிகள் எழுதியிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பார் (ஒரு தாள அளவு) தள்ளித் தலைகீழாகத் திரும்பி இன்னொரு குரலாகும். அடிவரியை மட்டும் கீபோர்டில் வாசித்துப் பாருங்கள்: ஜி, எஃப் ஷார்ப், இ, டி, பி, சி, டி, ஜி. எட்டும் கால் நோட்டுகள், இரண்டு பார். கோல்ட்பெர்க் வேரியேஷன்களின் முதல் எட்டு பேஸ் நோட்டுகளும் இவையே. இப்போது ஏறுவதை இறக்கமாகவும் இறங்குவதை ஏற்றமாகவும் மாற்றி, டியில் தொடங்குங்கள்: டி, இ, எஃப் ஷார்ப், ஜி, பி, ஏ, ஜி, டி. இதை இரண்டாம் கையால் ஒரு பார் தாமதித்து நுழைத்தால் பி-டி, சி-இ, டி-எஃப் ஷார்ப் என்று மூன்றாமிடைவெளிகள் அடுக்கடுக்காக விழுந்து ஜியில் சேரும். சுற்றித் திரும்பினாலும் முட்டாது. தபாலில் அனுப்ப ஏற்ற பொருள் இது: அரைத்தாள், தீர்ப்பவருக்குச் சவால், வாசிக்க ஆள்கூட வேண்டாம். கேனன் வேரியேஷன்களின் அச்சுப் பிரதியும் அப்படித்தான். முதல் மூன்றில் கேனனின் இரண்டாம் குரலை முழுதாக எழுதாமல் புதிராக விட்டிருப்பார்.

குரலிசையை இப்படி அனுப்ப முடியாது. மாஸின் முதல் பகுதியான மிஸ்ஸாவை (கீரியே, குளோரியா) பாக் 1733 ஜூலை 27 தேதியிட்ட விண்ணப்பத்தோடு ட்ரெஸ்டனில் இருந்த சாக்சனி ஆட்சியாளருக்குக் கொடுத்தபோது, தந்தது குரலுக்கும் வாத்தியத்துக்கும் தனித்தனியாக எழுதிய 21 பகுதிகள் கொண்ட கட்டு. சேர்ந்து பாடாமல் அதற்கு உயிரில்லை. இரவல் கொடுத்தால் திரும்பாது என்பதும் அவருக்குத் தெரியும். 1724 கிறிஸ்துமஸுக்கு எழுதிய சாங்க்டுஸின் ஸ்கோரில் (எல்லாப் பகுதிகளும் ஒன்றாக எழுதிய படியில்), பகுதிகள் பொஹீமியாவில் ஷ்போர்க் பிரபுவிடம் இருக்கின்றன என்று தன் கையாலேயே குறித்து வைத்திருக்கிறார். பின்னால் மீண்டும் பாடத் தேவைப்பட்டபோது புதிதாகப் பிரதி எடுக்க வேண்டியதாயிற்று.

ஆக 1748, 49இல் அவர் மேசைமேல் இருந்த பெரிய வேலை சங்கத்துக்குப் போகாதது. இந்தத் தேதியை உறுதி செய்தது கையெழுத்து. 19ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் மாஸ் முழுவதையும் 1730களில் வைப்பதே வழக்கம். 1950களில் ஆய்வாளர் டாடெல்சென் அதை அசைத்தார். 1988இல் ஆய்வாளர் கோபயாஷி, நோட்டுகளின் தலை, காம்பு, கையின் விறைப்பு ஆகியவற்றைத் தேதி தெரிந்த ஆவணங்களோடு ஒப்பிட்டு, கிரேடோ (விசுவாச அறிக்கை) பகுதி முதல் மாஸை முடித்த வேலையை 1748 ஆகஸ்டுக்கும் 1749 அக்டோபருக்கும் இடையில் நிறுத்தினார். அதாவது, 1749 ஜூன் 8 அன்று லைப்ஸிக்கில் ஹாரர் என்பவரை, பாக் இறந்தால் அவரது தேவாலய இசைப் பொறுப்புக்கு வைத்துக்கொள்ள, பாக் உயிரோடிருக்கும்போதே தேர்வு நடத்தினார்களே, அந்த மாதங்கள்.

வேலையின் பெரும்பகுதி புது இயற்றல் அல்ல. பழைய ஜெர்மன் கன்டாட்டாக்களிலிருந்து இயக்கங்களை (தனித்தனிப் பாட்டுப் பகுதிகளை) எடுத்து லத்தீன் சொற்களுக்கு ஏற்ப மாற்றிக் கட்டுவது. இதைப் ‘பாரடி’ என்பார்கள். கேலிக்கும் இதற்கும் தொடர்பில்லை. சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்கள் ‘க்ருசிஃபிக்சுஸ்’ ஒன்றை எடுத்துப் பக்கத்தில் மூலத்தை வைத்துப் பார்க்கட்டும்.

மூலம், 1714இல் வைமாரில் எழுதிய ‘வைனன், கிளாகன்’ கன்டாட்டாவின் கோரஸ். எஃப் மைனர். நாலு பார் நீளமுள்ள, அரைச்சுரமாக இறங்கும் பேஸ் வரி திரும்பத் திரும்ப வரும். நடுப்பகுதி முடிந்ததும் முதல் பகுதி மீண்டும் பாடப்படும். பாக் முதலில் செய்தது வெட்டு: நடுப்பகுதியை எறிந்து முதல் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார். பிறகு இ மைனருக்கு இறக்கினார். பேஸில் நீண்ட அரை நோட்டுகள் இருந்த இடத்தில் ஒவ்வொன்றையும் இரண்டு கால் நோட்டாக உடைத்தார்; பாருக்கு மூன்றாக இருந்த அடி ஆறாகி நாடித்துடிப்புபோல் ஆயிற்று. மேலே புல்லாங்குழல்களைச் சேர்த்தார். குரல் நுழையுமுன் வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் நாலு பாரை முன்னால் ஒட்டினார்.

சொல்தான் பெரிய சிக்கல். ஜெர்மனில் ‘வைனன்’, ‘கிளாகன்’, ‘ஸோர்கன்’, ‘ட்ஸாகன்’ என்று குரலுக்கு ஒரு சொல், ஒவ்வொன்றும் இரண்டே அசை. நீண்ட சுரத்தில் முனகி இறங்கப் போதுமானது. ‘க்ரு-சி-ஃபிக்-சுஸ்’ நாலு அசை. சுரத்தை உடைத்தால்தான் அசை உட்காரும். கண்டபடி உடைத்தால் மேல்குரல் கீழ்க்குரலோடு உரசிக் காத்திருக்கும் அந்த வலி போய்விடும். உரசல் விழும் அடியை அப்படியே காத்து, அதற்கு முன்னும் பின்னும் மட்டும் உடைத்திருக்கிறார். கடைசியில் பதின்மூன்றாம் சுற்று. முதல் பன்னிரண்டு சுற்றும் இ மைனரில். பதின்மூன்றாவதில் பேஸ் வழிமாறி ஜி மேஜரில் இறங்கும். மேல் வாத்தியங்கள் அடங்கிவிட, ‘செபுல்துஸ் எஸ்ட்’, அடக்கம் செய்யப்பட்டார், என்று குரல்கள் தாழ்ந்து நிற்கும். மூலத்தில் இது இல்லை. 13 × 4 = 52, கடைசி ஒரு பார் சேர்த்து 53. பாடகர் குழுக்கள் இங்கே வழக்கமாகத் தடுக்கி விழுவது சுருதியில்: அரைச்சுர இறக்கத்தைக் கேட்டுக் கேட்டுத் தாங்களும் சறுக்குவார்கள், ஜி மேஜர் வரும்போது கால்சுரம் கீழே இருப்பார்கள். கீழ்க்குரல்காரர்களைப் பேஸ் வாத்தியத்துக்கு அருகில் நிறுத்துவது நல்ல மருந்து.

மற்றவற்றில் வேலையின் அளவு கூடும், குறையும். ‘பாத்ரம்’ 171ஆம் கன்டாட்டாவிலிருந்து வந்தது. ஒரு குரல் ஃபியூக்கைப் பாடத் தொடங்கும்போதே மற்ற குரல்கள் ‘கிரேடோ இன் ஊனும் டேயும்’ என்று கூட்டாக முழங்குவது புதிய சேர்க்கை. முந்தைய இயக்கத்தின் சொல்லை இங்கே இழுத்து வந்து இரண்டையும் தைத்துவிட்டார். அதன் முடிவில் 84 என்று பார் எண்ணிக்கையை எழுதியும் வைத்திருக்கிறார். ‘ஓசான்னா’, அதே ஆட்சியாளர் போலந்து அரசரான பிறகு 1734இல் அவருக்கு எழுதிய வாழ்த்து கன்டாட்டாவின் முதல் கோரஸோடு ஒன்று. வாத்திய முன்னுரையை வெட்டிவிட்டு எட்டுக் குரலும் நேரே பாய்கின்றன. ‘ஆக்னுஸ் டேயி’யின் வேர் 1725ஆம் ஆண்டுத் திருமணப் பாட்டு ஒன்றில் இருக்கிறது, அதற்குச் சொல் எழுதியவர் மிட்ஸ்லரின் ஆசான் கோட்ஷெட். இசை தொலைந்துவிட்டது, சொற்கள் இருப்பதால் தொடர்பு தெரிந்தது. நடுவழியில் அதே ஆரியா (தனிக்குரல் பாட்டு) விண்ணேற்ற ஆரட்டோரியோவிலும் வருகிறது. மாஸில் அதைச் சுருக்கி, குரல் நுழையும் இடத்தைப் புதிதாக எழுதி, பழைய மெட்டை ‘குயி டோலிஸ்’ என்ற சொல்லிலிருந்து தொடங்கியிருக்கிறார்.

எனக்குக் குறையாகத் தோன்றுவது கடைசி ‘டோனா நோபிஸ் பாசெம்’. குளோரியாவில் வந்த ‘கிராட்டியாஸ்’ இசை அப்படியே திரும்புகிறது. அதுவே 1731ஆம் ஆண்டு கன்டாட்டாவிலிருந்து எடுத்தது. அந்த இசைக்கு இரண்டு கருக்கள், இரண்டு சொற்றொடர்கள் தேவை. இங்கே இருப்பதோ மூன்றே சொல். இரண்டாம் கருவுக்கு ‘பாசெம், டோனா நோபிஸ்’ என்று சொல்லைப் புரட்டிப்போட்டுச் சமாளிக்கிறார். நன்றி சொன்ன இசையாலேயே அமைதியைக் கேட்கிறார் என்று உரையாசிரியர்கள் சொல்வது அழகுதான். ஆனாலும் தையல் தெரிகிறது.

இனி ஒற்றைத் தாள் ஒன்றின் கதை. கிரேடோ பகுதியை முதலில் எட்டு இயக்கமாகவே திட்டமிட்டார். ‘எட் இங்கார்னாதுஸ்’, கன்னியிடம் மனிதனானார் என்ற வாக்கியம், அதற்கு முந்தைய சோப்ரானோ-ஆல்டோ டூயட்டின் கடைசியில் அடங்கியிருந்தது. பிறகு மனம் மாறியிருக்கிறது. அந்தச் சொற்களுக்கு மட்டும் 49 பார் நீளத்தில் ஐந்து குரல் கோரஸ் ஒன்றைத் தனித்தாளில் எழுதி உள்ளே செருகினார். பி மைனர், வயலின்கள் ஒரே வரியாக விட்டுவிட்டு இறங்கிக்கொண்டே இருக்கும், பேஸ் ஒரே சுரத்தில் தட்டும். அவர் இயற்றிய கடைசிக் குரலிசைகளில் இதுவும் ஒன்று. விளைவாக ஒன்பது இயக்கங்கள், நடுவில் க்ருசிஃபிக்சுஸ். ஆனால் டூயட்டில் கடைசிச் சொற்கள் காலியாகிவிட்டனவே? மீதமுள்ள சொற்களை நீட்டி இழுத்து முழு டூயட்டுக்கும் பரப்பி, குரல்வரிகளை மட்டும் திரும்ப எழுதினார். சொல்லும் இசையும் முதல் வடிவில் இன்னும் நெருக்கமாக உட்கார்ந்தன என்பது என் கணிப்பு. இரண்டு குரலும் ஒரே மெட்டை ஓரடி தள்ளிப் பாடுகின்றன. வாத்தியங்களில் முதலாவது வெட்டியும் இரண்டாவது சேர்த்தும் வாசிக்கும்படி குறி இட்டிருக்கிறார். தந்தையும் மகனும் ஒரே பொருள், இரு ஆள் என்ற இறையியல் அங்கே வில்லடியிலேயே இருக்கிறது. நடத்துபவர் இரண்டையும் ஒரே மாதிரி வாசிக்கச் சொன்னால் காரியம் கெட்டது.

சங்கத்தின் சாயல் இந்த மாஸில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், இரண்டு இடங்களைக் காட்டலாம். முதல் கிரேடோவில் கிரெகோரிய மெட்டை (பழைய தேவாலய ஓதல் மெட்டை) ஐந்து குரலும் இரண்டு வயலினுமாக ஏழு பகுதி ஃபியூக்காகப் பின்னுகிறார், கீழே கால் நோட்டில் இடைவிடாமல் நடக்கும் பேஸ். முடிவில் கீழ்க்குரல் அதே மெட்டை இருமடங்கு நீளத்தில் பிடிக்கும். ‘கோன்ஃபிதேயோர்’ இன்னும் கடினம். தனி வாத்தியப் பகுதியே கிடையாது, ஐந்து குரலும் கன்டினுவோவும் (அடிவரியைத் தாங்கும் துணை வாத்தியங்களும்) மட்டும். இரண்டு ஃபியூக் கருக்களைத் தனித்தனியே விரித்துப் பிறகு ஒன்றோடொன்று கோக்கிறார். 73ஆம் பாரில் கிரெகோரிய மெட்டு பேஸிலும் ஆல்டோவிலும் கேனனாக நுழைகிறது; 92இல் டெனர் அதை இருமடங்காக நீட்டிப் பாடுகிறது. ஃபுக்ஸின் பாடநூலில் பாக்கிடம் இருந்தது லத்தீன் பிரதி. மாணவர் மிட்ஸ்லர் மொழிபெயர்த்ததை ஆசிரியர் செய்துகாட்டினார் எனலாம். ஆனால் 121ஆம் பாரில் ‘அடாஜியோ’ என்று எழுதிவிட்டு, இறந்தோரின் எழுச்சிக்குக் காத்திருக்கிறேன் என்ற வரியில் அவர் போகும் இடம் எந்தப் பாடநூலிலும் இல்லை: ஷார்ப்புகள் ஃபிளாட்டுகளாக வேடம் மாறி, எந்தச் சுருதியில் நிற்கிறோம் என்பதே தெரியாமல் போகும். கையெழுத்துப்படியில் இந்தப் பக்கங்கள் அடித்தலும் திருத்தலுமாக இருக்கின்றன. பிரதி எடுக்கும் பக்கமல்ல, அங்கேயே யோசித்த பக்கம். உறுப்பினர்களுக்குச் சுற்றுக்கு விட்டிருந்தால் என்ன பதில் எழுதியிருப்பார்களோ.

யாருக்காக இதை முடித்தார் என்பது தீராத கேள்வி. ட்ரெஸ்டன் கத்தோலிக்க அரண்மனை என்பார்கள்; 1749இல் கிவெஸ்டன்பெர்க் பிரபு வழியாக வந்த தொடர்பை வைத்து, வியன்னாவின் செசிலியா இசைச் சங்கத்துக்காக என்பார்கள். எதற்குமே இடிப்பது இரண்டு சொற்கள். கத்தோலிக்கச் சடங்கில் சாங்க்டுஸ் ‘உமது மகிமை’ என்று வரும். பாக் லுத்தரன் வழக்கப்படி ‘அவரது மகிமை’ என்று விட்டிருக்கிறார். குளோரியாவில் ‘இயேசு கிறிஸ்துவே’ என்பதன் பின் லைப்ஸிக் வழக்கமான ‘அல்டிஸ்ஸிமே’யும் நிற்கிறது. பாடும்போது இரண்டையும் மாற்றிக்கொள்வது ஒரு நிமிட வேலை என்பதும் உண்மை.

அதே 1749இல் வேறு குரலிசையும் நடந்தது. புனித வெள்ளிக்கு யோவான் பாஷனைக் கடைசி முறையாக விரித்து, கன்டினுவோவில் பெரிய பஸூனையும் சேர்த்துப் பாடவைத்தார். பத்தாண்டுக்கு முன் அதன் நல்ல பிரதியை எழுதத் தொடங்கி, நகரசபையோடு ஏற்பட்ட மனக்கசப்பில் பத்தாம் இயக்கத்தோடு பேனாவை வைத்தவர் அவர்.

சங்கத்தை அவர் நிஜமாகப் பயன்படுத்திக்கொண்டதும் அந்த ஆண்டுதான், அதுவும் சண்டைக்கு. ஃபிரைபெர்க் பள்ளித் தலைமையாசிரியர் பீடர்மான், இசை மாணவர்களைக் கெடுக்கிறது என்ற தொனியில் ஒரு லத்தீன் சிறுநூல் வெளியிட்டார். பாக் தாமே எழுதவில்லை. சக உறுப்பினர், நோர்ட்ஹவுஸன் ஆர்கன் வித்வான் ஷ்ரோட்டரை மறுப்பெழுத வைத்தார். அச்சில் வந்தபோது தலைப்பு மாறி, வாசகம் காரமாகியிருந்தது, ஷ்ரோட்டர் கோபித்துக்கொண்டார். அதோடு விடாமல், கிரேக்கத் தெய்வங்களான ஃபோபுஸும் பானும் பாட்டுப்போட்டி நடத்தும் பழைய கன்டாட்டாவை மீண்டும் மேடையேற்றி, கடைசி வரியில் எதிரிகளைக் குத்தும் பெயர்களை நுழைத்தார். 64 வயதில், கண் மங்கும் நிலையில்.

மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல் 1775இல், பாக்கின் வரலாற்றை எழுதிய ஃபோர்கெலுக்கு அனுப்பிய கடிதத்தில், அப்பா உலர்ந்த கணித விஷயங்களின் ரசிகர் அல்ல என்றார். மிட்ஸ்லர் நினைவுக் கட்டுரையில் சேர்த்த பகுதிக்குப் பெரிய மதிப்பில்லை என்பதும் அவர் கருத்து. மாஸின் கையெழுத்துப்படி அவரிடம்தான் போயிற்று. 1786இல் ஹாம்பர்க்கில் கிரேடோ பகுதியை மட்டும் தன் சிறு முன்னிசையோடு நடத்தினார். அதற்காகக் கத்தியால் சுரண்டியும் மேலெழுதியும் சில இடங்களைத் தன் விருப்பப்படி திருத்தினார். பெர்லின் அரசு நூலகத்தில் பி 180 என்ற எண்ணில் இருக்கும் அந்தப் படியில், இரும்புச்சத்துள்ள மசி தாளை அரித்துத் துளையிட்டிருக்கிறது. தந்தையின் மசி எது, மகனின் மசி எது என்பதை எக்ஸ் கதிரால் அவற்றின் உலோக அளவை ஒப்பிட்டுத்தான் பல இடங்களில் பிரிக்க முடிந்தது.

ஸ்கோர் வாங்குபவருக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. 1845இல் முழுமையாக அச்சான பதிப்பும் 1856ஆம் ஆண்டு பாக் சங்கப் பதிப்பும் மகனின் திருத்தங்களைத் தந்தையுடையவை என்றே ஏற்றவை. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அவற்றின் வழிவந்தவை. ஃபிரெட்ரிக் ஸ்மெண்ட் 1954இல் தயாரித்த பதிப்பிலும் அந்தக் கலப்பு தீரவில்லை. கிறிஸ்டோஃப் வோல்ஃபின் பீட்டர்ஸ் பதிப்பு, ரிஃப்கினின் பிரைட்கோப்ஃப் பதிப்பு, உவே வோல்ஃபின் 2010 பேரன்ரைட்டர் பதிப்பு ஆகியவற்றில் ஒன்றைப் பார்ப்பது நல்லது. கையில் எடுத்ததும் டூயட்டின் இரண்டு சொல்வடிவங்களும் இருக்கின்றனவா, எட் இங்கார்னாதுஸ் செருகல் பற்றிக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பதிப்பை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.